வெளிநாட்டுக் கல்லூரிக்குப் போனால் எதைப் பார்ப்பது? நெல்லைச் சீமைப் பேராசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுக் கல்லூரிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆசிரியர் குழுவிடம் "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நூலகம் ஏழு மாடி, வளாகத்தில் ஒரு காகிதக் குப்பை கிடையாது, உணவகத்தில் நாற்பது வகைச் சாப்பாடு என்றுதான் பதில் வரும். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஏழு மாடியைத் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஒரு மாணவனின் விண்ணப்பம் அங்கே எந்த மேசையில் தொடங்கி எந்த மேசையில் முடிகிறது, "சரி" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் இல்லாத நாளில் யார் சொல்வார் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தால், அடுத்த பருவத்திலேயே இங்கே ஏதாவது செய்யலாம்.

இந்த வழிகாட்டி துறைத் தலைவர், துணை முதல்வர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், ஐக்யூஏசி (கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளர் போன்ற பொறுப்பில் இருப்பவர்களுக்கும், விரைவில் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்கும். சுற்றுலாவோடு சேர்த்து இரண்டு கல்லூரியை எட்டிப் பார்க்கும் பயணம் பற்றி இங்கே எதுவும் இல்லை. அதற்கு முகவர்கள் இருக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு இது ஒன்றும் புதிதல்ல. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். வார்டன், பர்சார், வைஸ் பிரின்சிபால் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பதவிகள் எல்லாம் கடல் தாண்டி வந்தவைதான். 1895-இல் தொடங்கிய சாரா டக்கர் கல்லூரியின் பெயருக்கு உரிய அம்மையார் இந்தியாவுக்கே வந்ததில்லை. 1923-இல் சேவியர் கல்லூரியைத் தொடங்கிய இயேசு சபையினர் தங்கள் சபையின் நிர்வாக முறையையும் சேர்த்தே கொண்டு வந்தார்கள். அப்போது அவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். இப்போது நாமே போய்ப் பார்த்து, நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வரலாம் என்பதுதான் வித்தியாசம்.

முதல் படி: நாட்டுக்கு முன்னால் கேள்வி

பெரும்பாலான பயணங்கள் தலைகீழாகத் தொடங்குகின்றன. முதலில் நாடு, பிறகு தேதி, கடைசியில் விமானத்தில் உட்கார்ந்துகொண்டு "அங்கே போய் என்ன கேட்கலாம்?" என்ற யோசனை. இதைத் திருப்பிப் போடுங்கள்.

உங்கள் கல்லூரியில் திரும்பத் திரும்ப அடைபடும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் குறைந்த மாணவரைத் தேர்வு எழுத விடுவதா என்ற பஞ்சாயத்து ஒவ்வொரு பருவமும் முதல்வர் அறைக்கு முன்னால் நடக்கிறதா? அதை எடுங்கள். ஆய்வகத்துக்கு ஒரு நுண்ணோக்கி வாங்க மூன்று விலைப்புள்ளி வாங்கி, ஃபைல் செகரட்டரி மேசையில் இரண்டு மாதம் தூங்குகிறதா? அதை எடுங்கள். துறைத் தலைவர் ஓய்வு பெறும் நாளன்றுதான் அடுத்தவருக்கு எந்தப் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று தெரியவருகிறதா? அதுவும் நல்ல கேள்விதான்.

எடுத்த விஷயத்தை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். விண்ணப்பம் யார் கையில் பிறக்கிறது, யார் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், ஒவ்வொரு மேசையிலும் எத்தனை நாள் கிடக்கிறது என்று எழுதுங்கள். இதற்குத் துறைத் தலைவரைக் கேட்பதைவிட ஆபீஸில் தபால் பதிவேடு எழுதுகிறவரைக் கேட்பது நல்லது. துறைத் தலைவர் விதிமுறையைச் சொல்வார். தபால் எழுதுகிறவர் நடப்பைச் சொல்வார். "அண்ணாச்சி, இந்த ஃபைல் போன மாசம் எங்க கிடந்துச்சு?" என்று கேட்டால் பதிவேட்டைப் புரட்டித் தேதியோடு காட்டுவார். அந்தத் தாள்தான் நீங்கள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய முக்கியமான ஆவணம். பாஸ்போர்ட்டுக்கு அடுத்தது அதுதான்.

மத்திய அரசு பல்கலைக்கழக நிர்வாகிகளுக்காகத் தொடங்கிய லீப் என்ற தலைமைப் பயிற்சித் திட்டத்தில் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் உள்நாட்டிலும் ஒரு வாரம் மட்டும் வெளிநாட்டிலும் பயிற்சி என்று வகுத்திருந்தார்கள். அந்த விகிதம் எனக்குச் சரியாகவே படுகிறது. வெளியே ஒரு பங்கு பார்க்க உள்ளூரில் இரண்டு பங்கு தயாரிப்பு வேண்டும்.

இரண்டாம் படி: எந்த நாட்டில் எதைக் கற்கலாம்

சிங்கப்பூரைத்தான் முதலில் சொல்வேன். அருகில் இருக்கிறது, தமிழ் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று, சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. ஆனால் உண்மையான காரணம் வேறு. அங்குள்ள தொழில்நுட்பக் கல்விக் கழகம், அவர்கள் சுருக்கமாக ஐடிஇ என்பது, 1992-இல் உருவானது. பள்ளிப் படிப்பில் பின்தங்கியவர்கள் போய்ச் சேரும் கடைசி இடம் என்று ஊரார் கேலி பேசிய நிறுவனம் அது. 2005-இலிருந்து சிதறிக் கிடந்த வளாகங்களைச் சேர்த்து 'ஓர் அமைப்பு, மூன்று கல்லூரிகள்' என்ற முறைக்கு மாறினார்கள். பாடத்திட்டமும் தரமும் தலைமையகத்தில் பொது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி முதல்வர், தனிச் சிறப்புத் துறை. 2007-இல் ஹார்வர்டு கென்னடி கல்விக்கூடம் வழங்கிய, அரசுத் துறைகளை மாற்றியமைக்கும் புதுமைக்கான ஐபிஎம் விருது இதற்குக் கிடைத்தது.

நம் ஊரில் ஒரே அறக்கட்டளை கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், செவிலியர் கல்லூரி என்று ஒரே சாலையில் நான்கு வைத்திருப்பது சகஜம். எதைப் பொதுவாக வைப்பது, எதை அந்தந்த முதல்வரிடம் விடுவது என்று தெரியாமல் பேருந்து ஓட்டுநர் விடுப்பு வரை தாளாளர் கையெழுத்துக்குப் போய் நிற்கும். அப்படிப்பட்ட நிறுவனத்திலிருந்து போகிறவர்கள் ஐடிஇயில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: தலைமையகம் எதில் தலையிடாது? அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூரில் ஐந்து பாலிடெக்னிக்குகளும் உண்டு. 1954-இல் தொடங்கிய சிங்கப்பூர் பாலிடெக்னிக் மூத்தது, 2002-இல் வந்த ரிபப்ளிக் பாலிடெக்னிக் கடைசி. ரிபப்ளிக்கில் ஒரு பிரச்சினையைக் கையில் கொடுத்து அதன் வழியே பாடத்தைக் கற்கவைக்கும் முறைதான் அடிப்படை. கற்பிக்கும் முறை அப்படி மாறும்போது கால அட்டவணை, அறை ஒதுக்கீடு, மதிப்பீடு எல்லாவற்றையும் நிர்வாகம் எப்படி மாற்றியது என்பதுதான் உங்கள் கேள்வி. வகுப்பை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் கிடைக்கும்.

மலேசியாவில் உயர்கல்வித் தலைமைப் பயிற்சிக்கென்றே அரசு ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. அகெப்ட் என்று பெயர், 2008-இல் தொடங்கியது. துணைவேந்தர், டீன் நிலைக்கு வருகிறவர்களுக்குப் பதவிக்கு முன்னும் பின்னும் பயிற்சி தர ஒரு தனி இடம் வேண்டும் என்ற எண்ணமே கவனிக்க வேண்டியது. இங்கே நேற்று வரை பாடம் நடத்தியவர் இன்று காலை முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறார். தமிழ்த் துறையினர் சேர்ந்து போனால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையையும் பார்க்கலாம். 1956-இல் தொடங்கியது. நாட்டின் முதன்மைப் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு சிறிய துறை எப்படித் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பது நம் ஊர்ச் சிறிய துறைகளுக்கு நேரடியாகப் பயன்படும்.

செலவு குறைவாக வேண்டும் என்றால் யாழ்ப்பாணம். 1974-இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகம்தான் பிறகு பல்கலைக்கழகம் ஆனது. அது இருக்கும் இடத்துக்கும் திருநெல்வேலி என்றே பெயர். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் போய்விடலாம். இலங்கையின் 1978-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டப்படி, டீன் என்று நாம் சொல்லும் பீடாதிபதியைப் பீடச் சபை தேர்ந்தெடுக்கிறது, பதவிக்காலம் மூன்று ஆண்டு. நம் பக்கத்தில் மூத்தவருக்குத்தான் பதவி என்ற வழக்கத்தில் ஊறியவர்கள், தேர்தலில் வந்த பீடாதிபதி தனக்கு வாக்களிக்காதவரை எப்படி வேலை வாங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள். பதிலைத் தமிழிலேயே கேட்கலாம் என்பது பெரிய வசதி. ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்லப்படும் பதிலுக்கும், தேநீர்க் கோப்பையோடு தமிழில் வரும் பதிலுக்கும் நிறைய தூரம்.

பிரிட்டனுக்குப் போகிறவர்கள் புறத் தேர்வாளர் முறையைப் பாருங்கள். நம் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் வெளியாட்கள் வினாத்தாள் எடுக்கிறார்கள், விடைத்தாள் திருத்துகிறார்கள். அங்கே வருகிறவர் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. தேர்வு நடந்த முறை நியாயமாக இருந்ததா, தரம் பிற பல்கலைக்கழகங்களுக்கு இணையாக இருக்கிறதா என்று அறிக்கை எழுதுகிறார். அதற்குப் பல்கலைக்கழகம் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு பழைய அறிக்கையையும் அதற்கு வந்த பதிலையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

அமெரிக்கா என்றால் ஹார்வர்டு, ஸ்டான்போர்டு வாசலில் நின்று படம் எடுக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. எடுத்துக்கொள்ளுங்கள். கற்பதற்குக் கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள்தான் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் பொதுக் கல்லூரிகள்) தோதானவை. 116 கல்லூரிகள். அவற்றை நிர்வகிக்கும் மாவட்ட வாரியங்களின் உறுப்பினர்களை அந்த வட்டார மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி வழக்கமான வாரியக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுவில் ஒட்ட வேண்டும். கூட்டத்தில் பொதுமக்களும் உட்காரலாம், பேசலாம். ஒரு மாலை போய் உட்காருங்கள். காலை பத்தரைக்கு வாட்ஸ்ஆப்பில் "பதினொரு மணிக்கு கவுன்சில் மீட்டிங், அனைவரும் வரவும்" என்று செய்தி வந்து, போய் உட்கார்ந்த பிறகுதான் எதற்கு என்று தெரியும் கூட்டங்களில் பழகியவர்களுக்கு அந்த 72 மணி நேரம் ஒன்றே பயணச் செலவுக்கு ஈடு. அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் முன்னின்று உருவாக்கிய 1966-ஆம் ஆண்டு நிர்வாக அறிக்கையைப் போகுமுன் படித்துவிடுங்கள். பாடத்திட்டம் ஆசிரியர் பொறுப்பு, நிதி வாரியத்தின் பொறுப்பு என்று அவர்கள் கோடு கிழித்தது எங்கே என்று தெரியும்.

மூன்றாம் படி: அனுமதி, பணம், தேதி

இது சலிப்பான பகுதி. ஆனால் பயணங்கள் கவிழ்வது இங்கேதான்.

அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி ஆசிரியர்கள் வெளிநாடு போகத் துறையின் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். ஃபைல் நிர்வாகத்திடமிருந்து திருநெல்வேலியில் உள்ள மண்டல இணை இயக்குநர் அலுவலகம் வழியாக மேலே போகும். இதற்கு மாதக் கணக்கில் நேரம் விடுங்கள். பயணச்சீட்டு வாங்கிவிட்டுச் சான்றுக்கு அலைவது வேண்டாத தலைவலி. சுயநிதிப் பிரிவினருக்கு நிர்வாகத்தின் கடிதமே போதும். ஒரே குழுவில் இரண்டு வகையினரும் இருந்தால் உதவிபெறும் பிரிவினரின் சான்று வரும் வரை தேதியை உறுதி செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டுக்குத் திருநெல்வேலியிலேயே சேவா கேந்திரா இருக்கிறது, மதுரைக்கு ஓட வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒன்று: அங்குள்ள நிறுவனமே தங்குமிடமும் பயணச் செலவும் தருகிறேன் என்றால் அது வெளிநாட்டு விருந்தோம்பல் ஆகிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன் ஆறாம் பிரிவுப்படி அரசு ஊழியர்கள் இதற்கு உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வாங்க வேண்டும். எஃப்சி-2 என்ற படிவத்தில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் இதைத் தவறவிடக் கூடாது. மற்றவர்களும் கல்லூரித் தணிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

உதவித்தொகையில் போக விரும்பும் மூத்த நிர்வாகிகள், இந்தியக் கல்லூரி நிர்வாகிகளுக்கென்றே இருக்கும் ஃபுல்பிரைட்-நேரு சர்வதேசக் கல்வி நிர்வாகிகள் கருத்தரங்குத் திட்டத்தைப் பாருங்கள். ரோட்டரி சங்கத்தின் தொழில் பயிற்சிக் குழுத் திட்டமும் உண்டு. 1965 முதல் 2013 வரை அவர்கள் நடத்திய குழுப் பரிமாற்றப் பயணங்களின் வாரிசு என்று சொல்லலாம். ரோட்டரியின் உலகளாவிய மானியத்துக்கு மொத்தத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். அதனால் ஒரு கல்லூரி தனியாகக் கேட்பதைவிட நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்து கேட்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

தேதி விஷயத்தில் நமக்கு ஒரு சிக்கல். நம்மவர்களுக்கு மே மாதம்தான் ஓய்வு. மே மாதத்தில் பிரிட்டனில் தேர்வுக் காலம், அமெரிக்காவில் பருவம் முடிந்து பட்டமளிப்பு நடந்துகொண்டிருக்கும். காலி வகுப்பறையைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். சிங்கப்பூர் பாலிடெக்னிக்குகளில் கல்வி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மே மாதம் வகுப்புகள் முழு வேகத்தில் நடக்கும். ஆக, மே ஓய்வில் போகிறவர்களுக்குச் சிங்கப்பூர்தான் தோது. பிரிட்டனுக்கு என்றால் அக்டோபர், நவம்பரில் பணி நிமித்த (ஆன் டியூட்டி) அனுமதியோடு போங்கள்.

விமானத்துக்கு மதுரை, திருவனந்தபுரம் இரண்டும் நமக்கு ஏறத்தாழ ஒரே தூரம்தான். இரண்டு ஊர்க் கட்டணத்தையும் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: குழுவும் தலைவரும்

குழுத் தலைமை பற்றிக் கற்க வெளிநாட்டுக் கல்லூரி வரை போக வேண்டியதில்லை, உங்கள் குழுவே அதற்கு முதல் பாடம். ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் எந்த அலுவலக அறையிலும் எல்லாரும் நிற்கக்கூட இடம் இருக்காது. பாதிப் பேர் வராந்தாவில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

யார் யார் போவது? எட்டுப் பேரும் பேராசிரியர்களாக இருந்தால் பயணம் தோற்றது என்றே எழுதிவிடலாம். அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர் வேண்டும். தேர்வுப் பிரிவிலிருந்து ஒருவர். பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுகூட ஆகாத இளையவர் ஒருவர், நாளைக்கு மாற்றத்தை இழுத்துச் செல்லப் போகிறவர் அவர்தான். பெண்கள் குறைந்தது பாதி. கண்காணிப்பாளரைச் சேர்க்கச் சொன்னால் நிர்வாகத்தில் முகம் சுளிப்பார்கள். "அவர் எதுக்கு சார் சிங்கப்பூருக்கு?" என்று கேட்பார்கள். பதில் எளிது: பேராசிரியர் பார்க்காத பதிவேட்டை அவர் பார்ப்பார். அங்கே ஒரு எழுத்தர் எத்தனை ஃபைல் பார்க்கிறார், எதைத் தானே முடிக்கிறார் என்பது அவர் கண்ணுக்குத்தான் படும். திரும்பி வந்த பிறகு புது முறையை நடத்தப் போவதும் அவர்தான்.

தலைவர் பணிமூப்பில் மூத்தவராகவே இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஆனால் மூத்தவர் குழுவில் இருந்துகொண்டு இளையவர் தலைமை தாங்கினால் நம் ஊரில் மூன்றாவது நாளே முணுமுணுப்பு வரும். அதற்கு ஒரு வழி உண்டு. மூத்தவர் குழுவின் முகமாக இருக்கட்டும். வரவேற்புக்கு நன்றி சொல்வது, பொன்னாடை போடுவது, முதல்வரோடு உட்காருவது அவர் வேலை. நாளை நடத்துவது, நேரம் பார்ப்பது, யார் எந்த அறைக்குப் போவது என்று பிரிப்பது இன்னொருவர் வேலை. புறப்படுமுன் இதை எழுத்தில் வைத்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

நல்ல குழுத் தலைவர் கல்யாண வீட்டில் ஆக்குப்புரையைப் பார்த்துக்கொள்பவர் மாதிரி இருப்பார். பந்தியில் அவரைப் பார்க்க முடியாது, ஆனால் எந்த இலைக்கு என்ன குறைகிறது என்று அவருக்குத் தெரியும். பயணத்தில் அவர் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு, யாரோடு யார் அறை என்ற ஏற்பாடு, கேள்வி கேட்கத் தயங்குபவரிடம் "மேடம், உங்க துறையில இது எப்படின்னு நீங்களே கேளுங்களேன்" என்று எடுத்துக் கொடுப்பது, ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் மரியாதை குறையாமல் நிறுத்துவது. கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பக் கடினம்.

ஒவ்வொரு நாளும் ஒருவர் அன்றைய பொறுப்பாளர் என்று சுற்றில் விடுங்கள். கண்காணிப்பாளருக்கும் ஒரு நாள் கொடுங்கள். அன்று முதல்வரே இருந்தாலும் அவர் சொன்ன நேரத்துக்குப் பேருந்தில் ஏற வேண்டும். இது விளையாட்டாகத் தெரியும். கீழே இருப்பவர் சொல்வதை மேலே இருப்பவர் கேட்டு நடக்கும் அனுபவம் ஊருக்குள் லேசில் கிடைக்காது.

ஐந்தாம் படி: முன்கூட்டிய கடிதம்

"உங்கள் நிறுவனத்தைப் பார்வையிட விரும்புகிறோம்" என்று மட்டும் எழுதினால் விளம்பரப் பிரிவுக்காரர் வந்து படம் போட்டுக் காட்டி, மதிய உணவு கொடுத்து அனுப்பிவிடுவார். கடிதத்திலேயே கேள்வியைச் சொல்லுங்கள். "எங்கள் கல்லூரியில் வருகைக் குறைவு விண்ணப்பம் ஏழு மேசை தாண்டுகிறது. உங்களிடம் அதே போன்ற விண்ணப்பம் எப்படிப் போகிறது என்று, அதைக் கையாளும் ஊழியரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்" என்று எழுதி, நீங்கள் வரைந்த அந்தத் தாளை ஆங்கிலமாக்கி இணையுங்கள். தன் குறையைத் தானே திறந்து காட்டும் விருந்தாளியிடம் எதிரில் இருப்பவரும் திறந்து பேசுவார். கூட்டம் ஒன்றில் ஓரமாக உட்கார அனுமதியும், மாணவர் பிரதிநிதிகளோடு ஆசிரியர் இல்லாமல் பேச நேரமும் கேளுங்கள்.

பரிசு பற்றி ஒரு வார்த்தை. பத்தமடைப் பாய் நன்றாக இருக்கும், மடித்தால் பெட்டியில் இடம் பிடிக்காது, கதையும் சொல்லலாம். ஆனால் ஆஸ்திரேலியா போகிறவர்கள் கோரையால் செய்த எதையும் விமான நிலையத்தில் அறிவித்தாக வேண்டும். நெய் சொட்டும் அல்வாவுக்கும் அங்கே இதே சோதனைதான். அறிவிக்காமல் பையில் வைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆறாம் படி: அங்கே போன பிறகு

முதல் நாள் வளாகம் சுற்றிக் காட்டுவார்கள். மறுக்க வேண்டாம். இரண்டாம் நாளிலிருந்து இரண்டிரண்டு பேராகப் பிரிந்துவிடுங்கள். ஒரு இணை மாணவர் சேவை முகப்பில், ஒன்று தேர்வு அலுவலகத்தில், ஒன்று கொள்முதல் பிரிவில், ஒன்று துறை அலுவலகத்தில். எல்லாரும் உங்கள் கேள்வியின் பின்னாலேயே போக வேண்டும். விண்ணப்பம் எங்கே பிறக்கிறது, யார் தொடுகிறார், யார் மறுக்கலாம், மறுத்தால் மாணவர் எங்கே முறையிடலாம், எத்தனை நாளில் பதில் வரும், அந்தக் கெடு தாண்டினால் யாருக்குத் தெரியும் என்று பாருங்கள்.

விதியை விட விதிவிலக்கைக் கேளுங்கள். "வழக்கமாக இப்படி" என்று சொன்னதும், "போன பருவத்தில் இந்த வழியில் போகாத விண்ணப்பம் ஏதாவது உண்டா? அதை யார் முடிவு செய்தார்?" என்று கேளுங்கள். அங்கேயும் செல்வாக்கு, அவசரம், முன்னாள் மாணவர் பரிந்துரை எல்லாம் இருக்கும். அதை எந்த இடத்தில் தடுக்கிறார்கள், எந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள் என்பதில்தான் நிர்வாகத்தின் உயிர் இருக்கிறது.

துறைத் தலைவர்களிடம் தனியாகப் பேசுங்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல இடங்களில் இது சில ஆண்டுகளுக்கு மட்டும் ஏற்கும் பொறுப்பு. அது முடிந்ததும் அவர் மறுபடியும் சக ஆசிரியராகிவிடுவார். நேற்று இவரிடம் விடுப்புக் கேட்டவர் இன்று இவருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறார். இது அவர்களுக்கு உறுத்துகிறதா, பொறுப்பில் இருக்கும்போதே அதை நினைத்து நடந்துகொள்கிறார்களா என்று கேளுங்கள். என் எண்ணம்: நம் துறைகளில் பாதிச் சண்டை, தலைமை என்றால் ஓய்வு பெறும் வரை என்று ஆகிப்போனதால் வருவது.

கூட்டத்தில் உட்கார அனுமதி கிடைத்தால் தலைவரைப் பார்க்காமல் குறிப்பு எழுதுகிறவரைப் பாருங்கள். முடிவு எடுக்கப்பட்ட அந்தக் கணத்தில் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுகிறாரா? அடுத்த கூட்டம் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குகிறதா? நம் மினிட்ஸில் "விவாதிக்கப்பட்டது, ஆவன செய்ய முடிவு செய்யப்பட்டது" என்று இருக்கும். யார் ஆவன செய்வது என்று இருக்காது.

இரவு சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் எல்லாரும் உட்கார்ந்து அன்று பார்த்ததைச் சொல்ல வேண்டும். இளையவரிலிருந்து தொடங்குங்கள். மூத்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். ஒருவர் எழுத வேண்டும், பார்த்தது ஒரு பக்கம், நம் அபிப்பிராயம் மறு பக்கம் என்று பிரித்து. வெளியே போக ஆசைப்படுகிறவர்களைச் சிங்கப்பூரில் என்றால் முஸ்தபா கடைக்கோ லிட்டில் இந்தியாவுக்கோ அதற்குப் பிறகு அனுப்புங்கள், கடை இரவு வெகுநேரம் திறந்திருக்கும்.

ஏழாம் படி: ஊர் திரும்பியதும்

இரண்டு வாரத்துக்குள் அறிக்கை. நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) கோப்புக்கு வேண்டிய அறிக்கை தனி, வேலைக்கான அறிக்கை தனி. நாக் மதிப்பீட்டில் கல்லூரியின் ஆளுகையும் பார்க்கப்படுகிறது, அதனால் முதலாவதை எல்லாரும் அழகாக அச்சடித்து விடுவார்கள். இரண்டாவது நான்கு பக்கம் தாண்டக் கூடாது.

அதில் பார்த்தவற்றை மூன்றாகப் பிரியுங்கள். முதல்வர் ஒரு சர்க்குலரில் செய்யக்கூடியவை. ஆட்சிக் குழு ஒப்புதல் வேண்டியவை. பல்கலைக்கழகமோ அரசோ விதியை மாற்றினால்தான் நடக்கும் என்பவை. நம் வட்டாரக் கல்லூரிகளில் பெரும்பாலானவை 1990-இல் உருவான மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றவை. பாடத்திட்டம், தேர்வு விதி எல்லாம் அபிஷேகப்பட்டியில் முடிவாகும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்விக் குழு, பாடத்திட்டக் குழு, நிதிக் குழு, ஆட்சிக் குழு என்ற நான்கில் எது எதற்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகையை இப்போதைக்கு மூடி வையுங்கள். அங்கே எல்லாம் அப்படி, இங்கே விதி விடாது என்று புலம்புவதற்கு அது நல்ல சாக்கு, வேறு பயன் இல்லை.

முதல் வகையிலிருந்து ஒன்றே ஒன்றை, ஒரே ஒரு துறையில், ஒரு பருவம் நடத்துங்கள். எடுத்துக்காட்டாக, வருகைக் குறைவு விண்ணப்பம் துறைத் தலைவரோடு முடியும், மறுத்தால் மட்டும் முதல்வருக்குப் போகும், ஐந்து வேலை நாளில் எழுத்தில் பதில். கவுன்சில் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் நிகழ்ச்சி நிரல் என்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. நாளைக்கே தொடங்கலாம்.

எதிர்ப்பு வரும். அதிகாரம் குறைகிறவர் வெளிப்படையாக எதிர்க்க மாட்டார். "நல்ல விஷயம்தான், அடுத்த வருஷம் பாப்போம்" என்பார். பயணத்தில் கூட வந்த கண்காணிப்பாளர் இங்கேதான் கைகொடுப்பார். தன் வேலை எவ்வளவு குறையும் என்று அவர் அலுவலகத்தில் சொன்னால், அது முதல்வரின் சர்க்குலரைவிட வேகமாகப் பரவும்.

எட்டாம் படி: அவர்களை இங்கே அழைப்பது

பருவம் முடிந்ததும் அந்தக் கல்லூரிக்குக் கடிதம் எழுதுங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று விவரமாக. இப்படிப் பதில் எழுதும் குழுக்கள் குறைவு என்பதால் உங்களை நினைவில் வைத்துக்கொள்வார்கள், அடுத்த குழுவுக்கு வாசல் எளிதில் திறக்கும்.

அவர்கள் திரும்ப வந்தால் ஆனித் தேரோட்டத்தையும் காட்டலாம் என்று ஆசை வரும். தேரோட்டத்தன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, அலுவலகம் பூட்டியிருக்கும். அதனால் இரண்டு நாள் முன்னதாகவே வரச் சொல்லுங்கள். மேடை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாவற்றையும் அரை மணிக்குள் முடித்துவிட்டு, கண்காணிப்பாளர் மேசைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு நாற்காலி போட்டு, தபால் பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் விளக்க அந்த இளைய ஆசிரியர் கூடவே இருக்கட்டும்.